கல்லுக்கு வயது சொன்னவர்

மேல்விஷாரத்தில் ஆழமாகத் தோண்டினால் கடும்பாறை முட்டும். வயது சுமார் 250 கோடி ஆண்டு. வெடிப்பில்தான் தண்ணீர் ஊறும்.

அரியலூர்ப் பாறை அப்படி அல்ல. பழங்காலக் கடலில் ஏடு ஏடாகப் படிந்தது. அந்த ஏடுகளைப் படித்தவர் ஹென்றி பிளான்போர்டு.

1834-ல் லண்டனில் பிறந்தார். 21-வது வயதில் இந்தியாவில் பாறை ஆராயும் வேலைக்கு வந்தார். அன்றைய திருச்சி ஜில்லாவில், கல்லாகிப்போன சிப்பிகளை ஆராய்ந்தார். சிப்பி வகை மாறினால், காலமும் மாறிவிட்டது என்று பொருள். அதை வைத்து ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்தார். அடியில் இருப்பதே மூத்தது.

1875-ல் இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவரானார். 1893-ல் காலமானார்.

பின்னாளில் காவிரிப் படுகையில் எண்ணெய் தேடியவர்களுக்கு அந்த அடுக்குகள் வழிகாட்டின. அவர் பெயரிட்ட கடலூர் மணற்கல்லில்தான் நெய்வேலி நிலக்கரியும் நிலத்தடி நீரும் கிடைத்தன.

கல்லின் வயது தெரிந்தால் தோண்டும் இடமும் தெரியும்!