தொடக்கப்பள்ளிக்குத் திரும்பியவர்

அல்ஜீரியாவில் 1913இல் பிறந்த ஆல்பெர் காம்யு, தந்தையின் முகம் அறியாதவர். 1914இலேயே முதல் உலகப் போர் அவரைப் பலிகொண்டது. எழுத்தறியாத தாயார் வீட்டுவேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். அல்ஜியர்ஸில் காம்யு பயின்ற தொடக்கப்பள்ளியின் ஆசிரியர் லூயி ஜெர்மேன், அதே போரிலிருந்து மீண்டு வந்தவர். பேரனை வேலைக்கு அனுப்ப எண்ணிய பாட்டியாரை இசையவைத்து, ஊதியம் பெறாமல் பாடம் சொல்லி, 1924இல் உதவித்தொகைத் தேர்வில் அவரை வெற்றிபெறச் செய்தார்.

1957இல் நோபல் பரிசு கிட்டியபோது, தாயாருக்கு அடுத்து காம்யு நினைத்தது அந்த ஆசிரியரையே. பரிசேற்பு உரைகளின் நூலை அவருக்கே காணிக்கையாக்கினார்.

1960 ஜனவரி 4 அன்று கார் விபத்தில் காம்யு மறைந்தார். அவ்விடத்தில் கிடைத்த பையில் முற்றுப்பெறாத நாவலின் கையெழுத்துப் படி இருந்தது. வகுப்பறையும் தோழர்களும் ஆசிரியரும் அதில் உயிரோடிருந்தனர். 1994இல் அது 'முதல் மனிதன்' என்னும் நூலாயிற்று. புகழின் உச்சியிலிருந்து அவர் நடந்த கடைசி வழி, பள்ளிக்குப் போகும் வழியாகவே அமைந்தது.