குட்டிச் சொற்களோடு போராடிய ஜான்சன்

ஆங்கிலத்தில் நீண்ட சொற்களைக் கண்டால் நமக்கு நடுக்கம். உண்மையில் அவை பரம சாதுக்கள். பெரும்பாலும் ஒரு சொல், ஒரு பொருள், அவ்வளவே. தொல்லை தருபவை 'டேக்', 'புட்', 'செட்', 'ரன்' போன்ற குட்டிச் சொற்கள்தாம்! மருந்து, இரயில், தேர்வு, அறிவுரை எல்லாவற்றுக்கும் அதே 'டேக்'. இவற்றோடு ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மல்லுக்கு நின்றவர் சாமுவேல் ஜான்சன்.

1709-இல் லிச்ஃபீல்டு நகரில், நொடித்துவந்த ஒரு புத்தக வணிகரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே நோய் அவர் கண்பார்வையைக் குறைத்தது. 1728-இல் ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்தார். கிழிந்த காலணியோடு திரிந்தவருக்கு யாரோ இரக்கப்பட்டுப் புதுக் காலணியை வாயிலில் வைத்துச் சென்றனர். அதைத் தூக்கி எறிந்தார் ஜான்சன்! பணமில்லாமல், பட்டமும் பெறாமல், பதின்மூன்று மாதங்களில் வெளியேறினார்.

1746-இல் இலண்டன் புத்தக வணிகர்கள் 1,500 கினி பேசி அகராதிப் பணியைத் தந்தனர். உதவியாளர் அறுவரின் கூலியும் அதற்குள்ளேதான். மூன்று ஆண்டில் முடிப்பதாகச் சொன்னார். நூல்களைப் படித்துச் சொற்களின் கீழ்க் கோடிடுவார். உதவியாளர்கள் அவ்வாக்கியங்களைத் தாளில் பெயர்த்தெழுதுவார்கள். வாக்கியங்கள் குவியக் குவிய, குட்டிச் சொற்களின் பொருள்கள் பெருகின. ஒரு பொருள் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது? வரம்பு கட்ட முடியவில்லை. 'டேக்' ஒன்றுக்கு மட்டும் 134 பொருள்களை எண்ணிட்டு எழுதினார். நாம் தேர்வுக்கு முதல்நாள் திணறுவதில் வியப்பென்ன?

இடையே, 1752-இல் மனைவி இறந்தார். துயரிலும் பணி நிற்கவில்லை. 1755 ஏப்ரலில் நாற்பத்திரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களோடு அகராதி வெளிவந்தது. பட்டம் பெறாது வெளியேறியவருக்கு, அது வெளிவருமுன்னரே, ஆக்ஸ்ஃபோர்டு எம்.ஏ. பட்டம் அளித்தது. ஆனால் புகழ் கடனை அடைக்குமா? மறு ஆண்டே ஆறு பவுனுக்கும் குறைந்த கடனுக்காகக் கைதானார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார்.

1762-இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை அளிக்க முன்வந்தார். வந்தது சங்கடம்! அத்தகைய உதவித்தொகை, நாட்டுக்கு இரண்டகம் செய்யும் கூலியாளுக்குத் தரப்படுவது என்று தம் அகராதியிலேயே பொருள் எழுதிவைத்திருந்தார். நண்பர்களைக் கலந்த பிறகே ஏற்றார். 1773-இல் திருத்திய பதிப்பு வந்தது. அந்தப் பொருளை மட்டும் அவர் திருத்தவில்லை.

1784 டிசம்பரில், எழுபத்தைந்தாம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்தனர்.