12 குதிரைத்திறன், இரண்டு மரத்துண்டு: வில்பர் ரைட் தேடிய அந்த ஒரு பொருத்தம்!

விமானம் என்றதும் உங்களுக்கு முதலில் என்ன ஞாபகம் வரும்? இறக்கை. அடுத்து இன்ஜின். முன்னால் சுற்றும் புரொப்பெல்லரை யாரும் பெருசா கண்டுக்க மாட்டோம். ஃபேன் மாதிரி ஏதோ சுத்துது, அவ்வளவுதான். ஆனால், ரைட் சகோதரர்களில் மூத்தவரான வில்பர் ரைட்டைப் பெரிதும் படுத்தியெடுத்தது அந்த 'ஃபேன்'தான்.

1867-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பிறந்தவர் வில்பர். அப்பா மில்டன், சர்ச் பிஷப். 1878-ல் ஒருநாள் அப்பா ஒரு பொம்மை வாங்கிவந்தார். ரப்பர் பேண்டை முறுக்கிவிட்டால் மேலே எழும்பும் குட்டி ஹெலிகாப்டர். 11 வயது வில்பரும் 7 வயது தம்பி ஆர்வில்லும் அது உடையும்வரை விட்டுவைக்கவில்லை.

பள்ளியில் வில்பர் கெட்டிக்காரர். யேல் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பலாமா என்று வீட்டில் பேச்சு ஓடியது. அந்தச் சமயத்தில், 18 வயதில், ஐஸ் ஹாக்கி விளையாடும்போது முகத்தில் மட்டை பட்டு முன்பற்கள் போயின. உடம்பும் மனசும் தளர்ந்து வீட்டுக்குள் முடங்கினார். காசநோயில் கிடந்த அம்மா சூசனை 1889-ல் அவர் இறக்கும்வரை கவனித்துக்கொண்டதும் வில்பர்தான். மிச்ச நேரமெல்லாம் புத்தகம். காலேஜ் கனவு அப்படியே போச்சு.

1892-ல் அண்ணனும் தம்பியும் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் சைக்கிள் கடை போட்டார்கள். செயின், பல்சக்கரம், பெடல்... இந்தக் கடை அனுபவத்தை மறந்துடாதீங்க, பின்னால் வேலை இருக்கு.

1902-க்குள் இன்ஜின் இல்லாத கிளைடரைக் கட்டுப்பாட்டோடு பறக்கவிடக் கற்றுக்கொண்டார்கள். அடுத்து இன்ஜின். எடை குறைவாக, 8 குதிரைத்திறனாவது வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டார்கள். எதுவும் சரிப்படவில்லை. கடை மெக்கானிக் சார்லி டெய்லர் ஆறே வாரத்தில் ஒன்றைச் செய்துகொடுத்தார். சுமார் 12 குதிரைத்திறன். இன்றைய 150 சிசி பைக்குகள் பலவற்றைவிடக் குறைவு!

புரொப்பெல்லர் ஈஸியாக முடியும் என்று நினைத்தார்கள். கப்பல்களில் எத்தனையோ வருஷமாகச் சுற்றுகிறதே, நூலகத்தில் கணக்கு ரெடியாக இருக்கும் என்று போனால், அங்கே சூத்திரம் எதுவும் இல்லை. கப்பல்காரர்கள் போட்டுப்பார்த்து, சரிவராவிட்டால் மாற்றிப் பழகியிருந்தார்கள். கப்பலுக்கு அது போதும். பலவீனமான இன்ஜினை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் அப்படிச் சோதிக்க முடியுமா?

அண்ணன் தம்பிக்குள் மாசக்கணக்கில் வாக்குவாதம். சண்டை முற்றி, கடைசியில் அண்ணன் தம்பி கட்சிக்கும் தம்பி அண்ணன் கட்சிக்கும் மாறி நின்று திரும்பவும் கத்துவார்களாம். அந்தக் களேபரத்தில் கிடைத்த விடைதான் மேட்டர்: புரொப்பெல்லர் காற்றில் முறுகிப்போகும் திருகாணி இல்லை, சுற்றிக்கொண்டே போகும் இறக்கை. அப்படியென்றால், 1901-ல் சின்ன காற்றுச் சுரங்கத்தில் சுமார் 200 இறக்கை வடிவங்களைச் சோதித்து எடுத்த கணக்கையே இங்கேயும் போடலாம்!

உங்க வீட்டு டேபிள் ஃபேனைக் கொஞ்சம் பாருங்க. இதழின் நுனி ஒரு சுற்றில் பெரிய வட்டம் அடிக்கும், நடுப்பகுதி சின்ன வட்டம். அதனால் நடுவிலிருந்து நுனிவரை இதழின் சாய்வு மாறிக்கொண்டே போக வேண்டும். வில்பர் இதை இஞ்ச் இஞ்சாகக் கணக்குப் போட்டார். மூன்று ஸ்ப்ரூஸ் பலகைகளை ஒட்டி, கோடாரியாலும் சீவுகத்தியாலும் செதுக்கினார்கள். நீளம் எட்டரை அடி, அப்படி இரண்டு.

ஏன் இவ்வளவு பெருசு? சின்ன இன்ஜினின் சக்தியை வீணாக்காமல் தள்ளுவிசையாக மாற்ற, நிறைய காற்றை மெதுவாகத் தள்ளுவதுதான் லாபம். இன்ஜின் நிமிடத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் சுற்றும். புரொப்பெல்லருக்கு 350 போதும். குறைப்பது எப்படி? சைக்கிள் கடைக்காரருக்குச் சொல்லியா தரணும்? 8 பல் சக்கரம், 23 பல் சக்கரம், நடுவில் செயின். ஒரு செயினைக் குறுக்காக மாட்டி, இரண்டு புரொப்பெல்லரையும் எதிரெதிராகச் சுற்ற வைத்தார்கள்.

வீட்டு ஷெட்டில் குட்டி விமானம் கட்டுபவர்களுக்கு இன்றைக்கும் இதே தலைவலிதான். ரோட்டாக்ஸ் 912 மாதிரி வேகமாகச் சுற்றும் இன்ஜினில் கியர்பாக்ஸ் வைத்துத்தான் புரொப்பெல்லரின் வேகத்தைக் குறைக்கிறார்கள். இதழின் சாய்வு அதிகமானால், மேட்டில் டாப் கியரில் பைக் ஓட்டுகிற கதை. இன்ஜின் திணறும், ஓடுதளம் முடியும்வரை விமானம் எழும்பாது. சாய்வு குறைந்தால் சட்டென்று எழும்பும், ஆனால் மேலே போனதும் இன்ஜின் எல்லை தாண்டிச் சுற்றும். உயரம் வேணுமா, வேகம் வேணுமா என்று முதலிலேயே முடிவு பண்ணணும்.

1903 நவம்பரில் கிட்டி ஹாக் கடற்கரையில் புரொப்பெல்லர் தண்டு பிய்த்துக்கொண்டது. டேட்டனுக்கு அனுப்பிச் சரிசெய்து வந்தால் பல்சக்கரம் லூஸ். சைக்கிள் டயர் ஒட்டும் பசையை ஊற்றி இறுக்கினார்கள்! பிறகு தண்டிலேயே விரிசல். புது இரும்புத் தண்டு செய்ய ஆர்வில் ஊருக்கு ஓடினார். இடையில் விமானத்தின் எடையும் கணக்கை மீறி ஏறியிருந்தது. ஆனால், நிறுத்திவைத்துச் சோதித்ததில் தள்ளுவிசை சுமார் 60 கிலோ வந்தது. எதிர்பார்த்ததைவிட அதிகம். நிம்மதி!

டிசம்பர் 17. ஆர்வில் முதலில் 12 விநாடி பறந்தார். அன்றைய நான்காவது முயற்சியில் வில்பர் 59 விநாடியில் 852 அடி கடந்தார். ஒன்பது நாளுக்கு முன்புதான் சாமுவேல் லாங்லியின் 52 குதிரைத்திறன் விமானம் பொட்டோமாக் ஆற்றில் விழுந்திருந்தது. அதற்குக் காரணங்கள் வேறு. ஆனாலும் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோணுதில்ல?

அதே புரொப்பெல்லர் ஒருநாள் காலையும் வாரியது. 1908 செப்டம்பர் 17, வில்பர் பிரான்ஸில் பறந்து கலக்கிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் ஃபோர்ட் மயரில் ஆர்வில் ஓட்டிய விமானத்தில் ஒரு இதழ் பிளந்து, அதிர்ந்து, வால்பக்கக் கம்பியில் மோதியது. விமானம் தலைகுப்புற விழுந்தது. உடன் பறந்த ராணுவ அதிகாரி தாமஸ் செல்ஃப்ரிட்ஜ் இறந்தார். விமான விபத்தில் பலியான முதல் பயணி அவர்தான். ஆர்வில்லுக்கு கால் எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. தான் பக்கத்தில் இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாமே என்று வில்பர் மனதுக்குள் புழுங்கினார். சில நாள் பறப்பதை நிறுத்தினார். பிறகு, செப்டம்பர் 21-ல் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் பறந்து சாதனை படைத்தார்.

அதன்பின் காப்புரிமை வழக்குகள், கோர்ட், வக்கீல்கள். பறப்பதைவிட இதில்தான் அவர் காலம் கரைந்தது. 1912 மே 30-ல் டைஃபாய்டு காய்ச்சலில், டேட்டன் வீட்டில் இறந்தபோது வயது 45. திருமணம் செய்துகொள்ளவில்லை. பக்கத்து ஓக்வுட்டில் குடும்பத்துக்குப் பெரிய வீடு கட்ட இடம் வாங்கியிருந்தார்கள். 1914-ல் வீடு முடிந்ததும் அப்பா, தங்கை கேத்தரின், ஆர்வில் மூவரும் அங்கே குடிபோனார்கள்.