ஒரு வருஷம் வேலை தேடினவர்



ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை வராந்தாவில் ஒரு மேசையைப் போட்டு நான் உட்காருவது உங்களில் அநேகருக்குத் தெரியும். வேலையில்லாதவர்களின் பெயரை நோட்டில் எழுதிக்கொள்வது, தெரிந்த இடத்தில் சொல்லி வைப்பது, பயோடேட்டா எழுதிக் கொடுப்பது, இன்டர்வியூவுக்குப் போகிற தம்பிக்கு பஸ் காசு கொடுத்து அனுப்புவது, இவ்வளவுதான் என் ஊழியம். பிரசங்கம் பண்ண எனக்கு வராது. பாடவும் வராது. ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டையர் ஆனவன், நோட்டு எழுதத்தான் தெரியும்.

போன வருஷம் அந்த நோட்டையும் மூடிவிட நினைத்தேன். காரணத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வேலை பார்த்த மில் மூடிப்போன ஒரு சகோதரன் வந்துகொண்டிருந்தார். வயது 52. பத்து ஞாயிறு வரிசையாய் வந்தார். கேட்ட இடத்திலெல்லாம் வயசைக் கேட்டதும் கையை விரிச்சுட்டாங்க. பதினோராவது ஞாயிறு அவர் மேசைப் பக்கம் வருகிறதைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல். இனிமே வாராவாரம் வர வேண்டாம் பிரதர், ஏதாவது இருந்தா நானே சொல்லி அனுப்புறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் ஆராதனைக்கும் வரவில்லை.

அந்த நாட்களில்தான் இரட்சணிய சேனையை ஸ்தாபித்த ஜெனரல் வில்லியம் பூத்தின் ஜீவிய சரித்திரத்தை வாசித்தேன். தெருவில் மேளம் அடித்துப் பிரசங்கித்தவர், குடிகாரர்களை மனந்திருப்பினவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவரும் என்னைப்போல நோட்டுப் போட்டு உட்கார்ந்தவர் என்பது எனக்குத் தெரியாது.

பூத் 1829 ஏப்ரல் 10-ம் தேதி இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பட்டணத்தில் பிறந்தார். தகப்பன் வீடு கட்டும் தொழில் பண்ணி நொடித்துப்போனவர். படிக்க வைக்கப் பணமில்லாமல் 13 வயதில் பையனை ஓர் அடகுக்கடையில் தொழில் பழக விட்டார்கள். தகப்பனும் சீக்கிரம் இறந்துபோனார். அடகுக்கடை என்றால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேலை போன வீட்டிலிருந்து என்னென்ன சாமான், எந்த வரிசையில் வெளியே வரும் என்று அந்தக் கடையில் நிற்கிற பையனுக்குத்தான் தெரியும். பூத் ஆறு வருஷம் அங்கே நின்றார். 15 வயதில் இரட்சிக்கப்பட்டார். கந்தல் உடுத்தின தெருப் பையன்களைக் கூட்டிக்கொண்டு வந்து ஆலயத்தின் முன் வரிசையில் உட்கார வைத்தார். பெரியவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இனிமேல் பின் கதவு வழியாய் அழைத்து வா என்றார்களாம்!

இனிதான் என்னை உட்கார வைத்த இடம். 1848-ல் தொழில் பழகும் காலம் முடிந்தது. வயது 19. கடைக்காரர் மேற்கொண்டு வைத்துக்கொள்ளவில்லை. ஏறக்குறைய ஒரு வருஷம் நாட்டிங்ஹாமில் வேலை தேடினார். கிடைக்கவில்லை. வீட்டில் விதவைத் தாயும் சகோதரிகளும். அப்போது அவர் ஏற்கெனவே தெருவில் நின்று பிரசங்கிக்கிறவர், வியாதிக்காரர் வீடுகளுக்குப் போய் ஜெபிக்கிறவர். ஜெபிக்கிற பிள்ளைக்கு வேலை உடனே கிடைத்துவிடும் என்று நாம் சாட்சிக் கூட்டத்தில் சுலபமாய்ச் சொல்லிவிடுகிறோம். பூத்துக்குக் கிடைக்கவில்லை. 1849-ல் லண்டனுக்குப் போனார். அங்கே கிடைத்ததும், அவர் வெறுத்துவிட்டு வந்த அதே அடகுக்கடை வேலைதான். 1852-ல் ரேபிட்ஸ் என்கிற பூட்ஸ் உற்பத்தியாளர் வாரம் 20 ஷில்லிங் கொடுத்துத் தாங்க முன்வந்த பிறகே முழுநேர ஊழியத்துக்கு வந்தார். ஊழியம் தொடங்கினதற்குப் பின்னால் ஒரு வியாபாரியின் கை இருந்தது, கவனியுங்கள்.

1855-ல் கேத்தரினை விவாகம் பண்ணினார். நாகர்கோவிலில் இருக்கிற கேத்தரின் பூத் மருத்துவமனை இந்த அம்மையாரின் பெயரைத் தாங்கியதுதான். 1861-ல் சபைப் பதவியை விட்டு வெளியேறினார்கள். 1865-ல் லண்டனின் கிழக்குப் பகுதியான வொய்ட்சாப்பலில் கூடாரக் கூட்டங்கள் ஆரம்பமாயின. 1878-ல் அந்த மிஷன் இரட்சணிய சேனை என்று பெயர் பெற்றது. நான்கு வருஷத்துக்குள், 1882-ல், டக்கர் என்பவர் தலைமையில் பம்பாயில் வந்திறங்கிவிட்டார்கள். இதெல்லாம் நிறையப்பேர் எழுதினதுதான், நான் நீட்டவில்லை.

1887-ல் ஒரு நாள் பின்னிரவில் பூத் ஊழியம் முடித்து லண்டனுக்குத் திரும்பி வருகையில், லண்டன் பாலத்தில் மனுஷர் வீடில்லாமல் குளிரில் படுத்துக் கிடப்பதைக் கண்டார். மறுநாள் காலையில் மகன் பிராம்வெல்லைப் பார்த்ததும் அதைச் சொல்லி, ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்று அவனைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷமே மலிவு விலைச் சாப்பாட்டு இடமும் படுக்கை இடமும் திறந்தார்கள். நாலு பென்னிக்கு ராத்திரி சாப்பாடு, படுக்கை, காலை ஆகாரம். காசில்லாதவன் வேலை செய்து ஈடுகட்டலாம். சாப்பிட்டுப் படுத்தவன் காலையில் எழுந்து எங்கே போவான்? வேலை வேண்டுமே. அதற்காக 1890 ஜூனில் அப்பர் தேம்ஸ் தெருவில் வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்று திறக்கப்பட்டது. ஃபிராங்க் ஸ்மித் என்கிற சேனைத் தலைவர் அந்தப் பகுதி ஊழியத்தை நடத்தினார். வேலை தேடுகிறவன் தன் பெயர், தொழில் எல்லாம் பதிய வேண்டும். ஆள் தேடுகிற முதலாளியும் அங்கே வந்து கேட்கலாம். ஒரு பக்கம் ஆள், ஒரு பக்கம் வேலை, நடுவிலே ஒரு நோட்டு! வாசித்தபோது என் மேசைதான் ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் அக்டோபரில் வெளியான அவருடைய புத்தகத்தில் முதல் சில மாதக் கணக்கு இருக்கிறது. கணக்கு எழுதிப் பழகினவனாகையால் என் கண் அங்கே நின்றுவிட்டது. வேலை கேட்டுப் பதிந்தவர்கள் 2,670 பேர். ஆள் வேண்டும் என்று வந்த விண்ணப்பம் 187. வேலைக்கு அனுப்பப்பட்டவர்கள் 369. அதில் நிரந்தர வேலை கிடைத்தது 146 பேருக்கு. ஜெனரல் பூத்துக்கே இவ்வளவுதான். அதை அவர் மூடி மறைக்காமல் அச்சில் போட்டிருக்கிறார். வேலை கிடைக்காதவர்களை வெறுங்கையாய் அனுப்பாமல், 165 பேரை ஹான்பரி தெருவிலிருந்த சேனையின் தொழிற்கூடத்துக்கு அனுப்பினதாகவும் அதே கணக்கில் இருக்கிறது. நானோ ஒரே ஒரு ஆளுக்குப் பதினோராவது வாரம் கதவைச் சாத்தினேன்.

இன்னொன்று. அந்தப் புத்தகம் எழுதப்பட்டபோது கேத்தரின் அம்மையார் புற்றுநோயில் கிடந்தார்கள். 1890 அக்டோபர் 4-ல் மரித்தார்கள். புத்தகம் வெளிவந்தது அதே மாதம். அதில் அவர் ஒரு வண்டிக் குதிரையைக் காட்டுகிறார். லண்டன் தெருவில் குதிரை விழுந்தால், அது யார் தப்பு என்று விசாரிக்காமல் தூக்கி நிறுத்துகிறார்கள். உயிரோடிருக்கும்வரை அதற்குத் தீனியும் லாயமும் வேலையும் உண்டு. மனுஷனுக்கும் அவ்வளவாவது வேண்டாமா என்பது அவர் வழக்கு.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. விஞ்ஞானி ஹக்ஸ்லி பத்திரிகையில் கடிதம் கடிதமாய் எழுதித் தாக்கினார். பணம் எங்கே போகிறது என்று கேட்டார்கள். 1892-ல் ஒரு குழு விசாரித்து, கணக்கு சரிதான், பணம் சொன்ன காரியத்துக்கே செலவானது என்று சொல்லிற்று. இதற்குள் 1891-ல் எசெக்ஸில் ஹாட்லீ என்ற இடத்தில் நிலம் வாங்கி, பட்டணத்தில் வேலையற்றவர்கள் விவசாயம் பழகப் பண்ணை போட்டுவிட்டார். அதே வருஷம் ஓல்டு ஃபோர்டில் தீப்பெட்டித் தொழிற்சாலை. அந்நாளில் வெள்ளைப் பாஸ்பரஸ் தொழிலாளிகளின் தாடை எலும்பை அரித்தது. பூத் சிவப்புப் பாஸ்பரஸ் வைத்தார், வெளியிலே கொடுத்ததைவிட அதிகக் கூலியும் கொடுத்தார். பெட்டி விலை கூடினதால் பத்து வருஷம்தான் ஓடியது. ஆனால் பிரிட்டனில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்கு 1908-ல் தடைச் சட்டம் வந்து, 1910-ல் அமலானது.

அரசாங்கமே வேலைவாய்ப்பு அலுவலகங்களை நடத்த 1909-ல் அங்கே சட்டம் இயற்றினார்கள். 1910 பிப்ரவரி 1-ல் அவை திறந்தன. சேனையின் நோட்டு அதற்கு ஏறக்குறைய இருபது வருஷம் முந்தினது. பூத் அதைப் பார்க்க உயிரோடிருந்தார் என்றாலும் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. 1912 ஆகஸ்ட் 20-ல் தேவ சமூகத்துக்குப் போனார்.

மத்தேயு 20-ம் அதிகாரத்தில், பதினோராம் மணி வேளையிலும் கடைத்தெருவில் நின்றவர்களை நினைத்துக்கொண்டேன். சோம்பேறிகள் அல்ல, அவர்களை யாரும் வேலைக்கு அமர்த்தவில்லை. வீட்டெஜமான் காலையில் ஒருமுறை வந்துவிட்டு, இனி வரமாட்டேன் என்று இருந்துவிடவில்லை. அன்றைக்கே சாயங்காலம் அந்த சகோதரன் வீட்டுக்குப் போனேன். பாயை விரித்தார். டீ வந்தது. மன்னிச்சுக்குங்க பிரதர் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், சர்டிபிகேட் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்தார்.

அவருக்கு இப்போது ஒரு லாரி ஷெட்டில் தினக்கூலிக்கு இரவுக் காவல். நிரந்தரம் இல்லை. முழங்கால் வலியும் இருக்கிறது. ஆகவே நோட்டில் அவர் பெயருக்கு எதிரே இன்னும் டிக் போடவில்லை. இதை வாசிக்கிறவர்களில் கடையோ கம்பெனியோ வைத்திருக்கிற விசுவாசிகள் உண்டென்று அறிவேன். ஸ்டோரில் உட்கார்ந்து சரக்கு வரவு எழுத, நேர்மையான, கையெழுத்து நன்றாயிருக்கிற ஆள் தேவைப்பட்டால் சொல்லுங்கள். ஆராதனை முடிந்து ஒரு மணி வரைக்கும் வராந்தாவில்தான் இருப்பேன்.