திரையிட்ட வண்டியும் திறந்த பாடசாலையும்

பாடசாலையொன்றின் அதிபராகப் பெண்ணொருவர் பொறுப்பேற்கும்போது, அவர் எதிர்நோக்கும் சோதனைகளிற் பல வகுப்பறைக்கு வெளியிலேயே காத்திருக்கின்றன. நமது நாட்டின் ஆசிரியர்களுள் பெரும்பான்மையினர் பெண்களாக இருந்தும், அதிபர் பதவிகளில் அவர்களை அந்த அளவுக்குக் காண முடிவதில்லை. அக்கரப்பத்தனை போன்ற தோட்டப் பகுதிகளில் அப்பொறுப்பை ஏற்கும் பெண்கள், முதலில் பெற்றோரினதும் ஊராரினதும் நம்பிக்கையை வென்றாக வேண்டியுள்ளது. இத்தருணத்தில், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் இதே சோதனையைச் சந்தித்த பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைனின் வாழ்வை நினைவுகூர்வது பொருத்தமென நாம் கருதுகிறோம்.

இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் பகுதியிலுள்ள பைராபந்த் கிராமத்தில், ஜமீன்தார் குடும்பமொன்றில் 1880ஆம் ஆண்டு பிறந்தவர் ரொக்கையா. பாடசாலைப் படியையே மிதிக்காத அவருக்கு, மூத்த சகோதரர் இப்ராஹீம் இரவில் வீட்டார் உறங்கிய பின்னர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுத்தறிவித்தார். கணவர் சகாவத் ஹுசைனும் மனைவியின் கல்வி வேட்கைக்குத் துணை நின்றார். ரொக்கையா ஆங்கிலத்தில் எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த பெண்கள் சஞ்சிகையொன்றிலேயே முதலில் அச்சேறியது.

1909இல் கணவர் காலமானார். பெண் கல்விக்கென அவர் ஒதுக்கிச் சென்ற பத்தாயிரம் ரூபாவைக் கொண்டு, ஐந்தே மாதங்களில் பாகல்பூரில் ஐந்து மாணவியருடன் பாடசாலை ஆரம்பமாயிற்று. குடும்பச் சொத்துத் தகராறு அவரை அவ்வூரை விட்டே வெளியேறச் செய்தது. எனினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1911 மார்ச்சில், கல்கத்தாவில் எட்டு மாணவியருடன் சகாவத் நினைவுப் பெண்கள் பாடசாலையை மீண்டும் தொடங்கினார். நிர்வாகம் பயின்றிராத அவர், நகரின் ஏனைய பெண்கள் பாடசாலைகளுக்குச் சென்று, அவை நடைபெறும் விதத்தை நேரிற் கண்டு கற்றார். வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பிள்ளைகளை அனுப்புமாறு வேண்டினார். கல்வி இருபாலாருக்கும் மார்க்கம் விதித்த கடமை என்பதையே அவர் தமது வாதமாகக் கொண்டார்.

அவர் பட்ட இன்னலுக்குப் பாடசாலை வண்டியே சான்று. பர்தா கெடலாகாதென வண்டி முற்றாக அடைக்கப்பட்டிருந்தது. காற்றின்றிச் சிறுமியர் மயங்கி விழவே, பெற்றோர் முறையிட்டனர். அடைப்பை நீக்கித் துணித் திரையிட்டபோதோ, திரை காற்றில் விலகுகிறதெனக் கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அடைத்தாலும் குற்றம், திறந்தாலும் குற்றம் என்ற நிலை. தாமும் பர்தாவைப் பேணிய அவர், கண்ணியத்துக்குரிய உடை வேறு, மூச்சு முட்டும் சிறைவாசம் வேறு என்பதில் தெளிவாக இருந்தார். சிறியவற்றில் விட்டுக்கொடுத்துப் பெரியதைக் காத்தார். பாடசாலை ஒருபோதும் மூடப்படவில்லை. 1930ஆம் ஆண்டளவில் அது உயர்நிலைப் பாடசாலையாகவும் வளர்ந்திருந்தது. 1932 டிசம்பர் 9ஆந் திகதி அவர் மறையும்வரை அவரது உழைப்பு ஓயவில்லை. அந்நாள் பங்களாதேஷில் ரொக்கையா தினமாக அனுஷ்டிக்கப்படுகின்றது.

நமது மலையகத்தில், 1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் அரசினாற் பொறுப்பேற்கப்பட்டன. ஆயினும் தம்பி தங்கையரைப் பராமரிக்கவென வீட்டில் நிறுத்தப்படும் சிறுமியைத் தேடி லயத்துக்குச் செல்லும் வேலை இன்னும் அதிபரையே சாருகின்றது. மாலை வகுப்பு வைத்தால், தேயிலை மலைகளூடாகப் பிள்ளைகள் இருட்டில் நடக்க வேண்டுமே என்ற குறை எழும். வைக்காவிட்டால், பெறுபேறு போதாதென்ற குறை எழும். ஆண் அதிபரெனில் கண்டிப்பு எனப் போற்றப்படுவது, பெண் அதிபரிடத்தில் அகம்பாவம் எனத் தூற்றப்படுவதுமுண்டு.

ரொக்கையாவின் மனவுறுதியைப் புகழ்வது எளிது. ஆனால், ஒரு பாடசாலையின் இருப்பு தனியொருத்தியின் பொறுமையில் மட்டும் தங்கியிருப்பது அச்சமூகத்துக்குப் பெருமையாகாது. வலயக் கல்வி அலுவலகம், தோட்ட நிர்வாகம், தொழிற்சங்கங்கள், பள்ளிவாசல் மற்றும் ஆலய நிர்வாகத்தினர், பெற்றோர் ஆகிய அனைவரும் பெண் அதிபர்களுக்குத் தோள்கொடுக்க வேண்டும். கண்டனக் கடிதம் எழுதுவதற்கு முன்னர் ஒருமுறை பாடசாலைக்குச் சென்று, என்ன உதவி வேண்டுமெனக் கேட்பதே இதற்குத் தக்க தொடக்கமாகும்.