மலைக்காட்டுக்கு எல்லை வகுத்த ஹூக்கர்

உடப்புசல்லாவையிலிருந்து நுவரெலியா வழியாக ஹோர்ட்டன் சமவெளியை அடைவோர், ஏறத்தாழ 9 கிலோமீற்றர் கொண்ட வட்டப் பாதையிற் பெருங்களைப்பின்றி நடந்து வரலாம். புல்வெளியும் சதுப்பும் பனி தவழும் காடும் அவ்வழியில் மாறிமாறி எதிர்ப்படும். அக்காடு இன்றளவும் நிலைத்திருப்பதற்குத் துணைநின்றோருள் ஒருவர் ஆங்கிலத் தாவரவியற் பேரறிஞர் ஜோசப் டால்ட்டன் ஹூக்கர்.

1817ஆம் ஆண்டிற் பிறந்த ஹூக்கர், தாவரநூல் வல்ல தந்தையாரைப் பின்பற்றி அத்துறை புகுந்தார். 1839 முதல் 1843 வரை தென்துருவக் கடல்களிற் கப்பலிற் சென்று ஆராய்ந்தார். பின்னர்ச் சிக்கிம் மலைகளில் அலைந்து, ரொடொடென்ட்ரன் வகைகள் பலவற்றை உலகறியச் செய்தார். அவ்வினத்து மரமொன்று நம் சமவெளியிலும் செம்மலர் பூத்து நிற்கின்றது. 1865இல் அவர் இலண்டன் கியூ தாவரப் பூங்காவின் தலைவரானார்.

அக்காலத்திற் காப்பிப் பயிருக்காக இலங்கையின் மலைச்சரிவுகளிற் காடுகள் அழிந்துகொண்டிருந்தன. 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தீண்டலாகாதென ஹூக்கர் 1873இல் இலங்கை அரசுக்கு அறிவுறுத்தினார். அரசும் அவற்றை வெட்டுதலைத் தடுத்து ஆணையிட்டது. மகாவலி, களனி, வளவை ஆறுகளுக்கு நீரூட்டும் சோலைகள் அதனாற் பிழைத்தன.

திரைமென் 1896இல் மறைந்தபோது குறையாய் நின்ற இலங்கைத் தாவர நூலை, எண்பதைக் கடந்த ஹூக்கரே 1900இல் முடித்தளித்தார். 1911இல் உலக வாழ்வை நீத்தார். சமவெளி 1988இல் தேசிய பூங்காவாயிற்று.

மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர், உலக முடிவின் பள்ளத்தைக் காட்டுமுன், கோடரிக்கு எல்லை வகுத்தவரின் பெயரையும் சொல்லுவாராக.