பொன்மணிகளில் கணக்குத் தந்த அன்னை

எண்ணைக் கண்டு அஞ்சும் குழந்தையிடம் குறையில்லை. எண்ணை அதன் கையில் தராத கற்பித்தலிலேயே குறையுள்ளது என்று கண்டவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1870இல் இத்தாலியின் கியாரவல்லே என்னும் ஊரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயில்வது அரிதாயிருந்த அக்காலத்தில், 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1907இல் அந்நகரின் சான் லொரென்சோ ஏழைக் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கினார்.

அவர் வகுத்த பொன்மணிக் கருவியில் ஒரு மணி 1; பத்து மணி கோத்த கம்பி 10; பத்துக் கம்பிகள் இணைந்த சதுரம் 100; பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் 1000. ஆயிரத்தில் ஏழைக் கழிக்கக் குழந்தை என்ன செய்யும்? கனசதுரத்தைக் கொடுத்துச் சதுரங்களையும், ஒரு சதுரத்தைக் கொடுத்துக் கம்பிகளையும், ஒரு கம்பியைக் கொடுத்து மணிகளையும் பெறும். ஏழு மணிகளை நீக்கியபின் எஞ்சுவது 993. 'கடன் வாங்குதல்' என நாம் நெட்டுருப் போடச் செய்யும் விதியின் காரணம் இவ்வாறு அதன் கைவழியே கருத்திற்குச் செல்கிறது.

1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பையேற்று அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்தார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கவே, உடன் வந்த மகன் மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அன்னையின் எழுபதாம் பிறந்தநாளில் விடுவிக்கப்பெற்றார். தாயகம் திரும்ப இயலாத அவ்வாண்டுகளிலும் ஆசிரியப் பயிற்சியை அவர் கைவிடவில்லை. கோடைக்கானலில் தங்கி, ஆறு முதல் பன்னிரண்டு வயதினர்க்கான கல்வியை விரிவாக்கினார். 1946இல் ஐரோப்பா திரும்பியவர், 1952இல் நெதர்லாந்தில் மறைந்தார்.

விதியை மட்டும் அறிந்த பிள்ளை, பழகாத கணக்கின்முன் திகைத்து நிற்கும். காரணம் அறிந்த பிள்ளையோ வழி தேடும். நம் வகுப்பறைகள் எப்பிள்ளையை உருவாக்குகின்றன? ஆசிரியராகிய நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.